ஸ்டைனாருக்குச் செய்த உபகாரம்

எங்கள் ரயில் டிப்போவில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஸ்டைனாரை வீட்டோடு உட்கார வைத்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். பக்கத்து வீட்டு வாசலில் பனி குவிந்தால் கேட்காமலே போய் வாரிப் போட்டுவிட்டு, நன்றி சொல்வதற்குள் திரும்பிவிடுகிற ரகம். நார்வேயின் வடக்கே, எங்கள் மூவிக் போன்ற சின்ன ஊர்களில் அப்படித்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். எனக்குத்தான் சரியாக ஒட்டவில்லை.

என் பெயர் பூதில். மூவிக்கிலிருந்து வடக்கே போகும் டீசல் ரயிலில் டிக்கெட் பார்ப்பதும், கதவுகளை மூடி ரயில் கிளம்பச் சைகை கொடுப்பதும் என் வேலை. ஸ்டைனார் டிரைவர். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். பேச்சு குறைவு. பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவான். காகிதத்தை மடித்து மறுநாளும் அதிலேயே கொண்டுவருவான். வாயால் பேசாததையெல்லாம் கையால் பேசினான் என்று சொல்லலாம்.

ஒற்றைத் தண்டவாளப் பாதை எங்களுடையது. எதிரெதிரே வரும் ரயில்கள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று தாண்டும். தாண்டும்போது டிரைவர்கள் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார்கள். சட்டம் ஒன்றுமில்லை, வழக்கம். தூக்காவிட்டால் சண்டையா என்று மறுநாள் கேட்பார்கள். ஸ்டைனாருக்கு இது ரயிலோடு நிற்கவில்லை. பனி ஒதுக்குகிறவர்கள், வேலியோரக் குழந்தைகள், நாயோடு நடக்கும் கிழவர்கள், யார் கை தூக்கினாலும் அவன் கை தானாக எழும்.

"மாடு காலைத் தூக்கினாலும் இவன் பதிலுக்குத் தூக்குவான்டா" என்று கோரெ கிண்டல் செய்வான்.

கோரெ எங்களில் மூத்த டிரைவர், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன், தொழிற்சங்கத் தலைவன், எல்லாமும் அவன்தான். ஓய்வறையில் எல்லாருக்கும் வாஃபிள் அப்பம் சுடுவதும் அவன்தான். பெரிய உடம்பு, சட்டென்று கலங்கும் கண்கள். அவனை வெறுக்க நான் முயன்று பார்த்தேன், முடியவில்லை. கோபப்பட மட்டும்தான் முடிகிறது.

அந்த விபத்து ஒரு பிப்ரவரியில், ஸ்தூர்லியில் நடந்தது. லீயா என்ற சின்ன நிறுத்தத்தைத் தாண்டி, வளைவு முடிந்ததும் வரும் ஆளில்லா லெவல் கிராசிங். ஒரு பண்ணைக்குப் போகிற வழி, மரக்கதவு மட்டும் இருக்கும். யோருன் என்ற செவிலி, வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு மருந்து கொடுப்பவள், தன் சின்னக் காரில் அதைக் கடக்கப் பார்த்தாள். சக்கரம் பனிக்கட்டி மேட்டில் சிக்கிக்கொண்டது. ஸ்டைனார் வளைவு திரும்பினான். அவ்வளவு எடையை அவ்வளவு தூரத்தில் நிறுத்த யாராலும் முடியாது. பிரேக்கைப் போட்டாயிற்று, ஹார்னை அடித்தாயிற்று என்றால் அதற்குப் பிறகு டிரைவருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். யோருன் பிழைக்கவில்லை.

நான் பெட்டிகளைக் கடந்து எஞ்சின் அறைக்குப் போனபோது, ஸ்டைனார் இருக்கையிலேயே இருந்தான். வலது கையை இடது கையால் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கையை மட்டும் விடவில்லை. அது ஏன் என்று தெரிய எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அவன் லீவு முடிந்து வருவதற்கு முன்னால் கோரெ எல்லாரையும் ஓய்வறையில் கூட்டினான். எங்கள் ஊரில் டுக்னாட் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூட வேலிக்கு வண்ணம் அடிக்க வேண்டுமா, யாருக்காவது கூரை போட வேண்டுமா, எல்லாரும் கூலியில்லாமல் கூடிச் செய்துவிட்டு வாஃபிள் தின்றுவிட்டுப் போவோம். வராதவனைப் பற்றி ஊர் ஒரு வார்த்தை சொல்லாது; ஆனால் மறக்காது. வேண்டாம் என்று சொன்னவன் எவனும் கிடையாது.

"ஸ்டைனாருக்கு நாம ஒரு டுக்னாட் செய்யப் போறோம்" என்றான் கோரெ. "வடக்குப் பாதையில அவன் ஷிஃப்டு எது வந்தாலும் நம்மள்ல ஒருத்தன் எடுத்துக்கணும். அவன் தெற்குப் பக்கம் மட்டும் ஓட்டட்டும். ஸ்தூர்லிங்கிற பேரே இந்த ரூம்ல கேக்கக் கூடாது. அவனா கை தூக்காம போனா நீங்களும் தூக்காதீங்க, சங்கடப்படுவான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான்தான் கேட்டேன்.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆறுற வரைக்கும்."

"எது ஆறுற வரைக்கும்? நானும் அந்த ரயில்லதான இருந்தேன். நான் தினம் அந்த வழியாத்தான போறேன்? எனக்கு ஒண்ணும் செய்யலையா?"

"உனக்கென்னடி பூதில், நீ இரும்பு" என்றான் கோரெ, தட்டில் இன்னொரு வாஃபிளை வைத்தபடி. சிரித்தார்கள்.

நான் இரும்பெல்லாம் இல்லை. முதல் வாரம் ஸ்தூர்லி வரும்போது கழிவறைக்குள் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் மூட மறந்துவிட்டேன், யாரோ டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தம் வந்து பனி உருகியதும் பார்த்தால் அது ஒரு மரக்கதவு, ஒரு வைக்கோல் கட்டு, ஒரு வளைவு. இன்றைக்கும் அங்கே மனசு கனக்கும், ஆனால் கால் நடுங்காது. எனக்கு யாரும் உபகாரம் செய்யவில்லை. அதனால்தான் பிழைத்தேன்.

ஸ்டைனார் வந்தான். ஷிஃப்டு மாற்றியிருப்பதைப் பார்த்தான். நன்றி என்று மட்டும் சொன்னான். எங்கள் ஊரில் அதற்கு மேல் சொல்ல இடமும் இல்லை.

முதலில் ஸ்தூர்லி மட்டும்தான். பிறகு தெற்குப் பாதையிலும் கிராசிங் வந்தால் வியர்க்க ஆரம்பித்தது. அதையும் யாராவது எடுத்துக்கொண்டார்கள். பிறகு காரில் போகும்போதும் தண்டவாளத்தைக் கடக்க மாட்டேன் என்றான். அவன் மனைவி மாரித் சுற்றுவழியில் ஓட்டினாள். சின்ன வெள்ளைக் காரைக் கண்டால் கடை வாசலிலிருந்தே திரும்பிவிடுவான். தூக்கத்தில் உதைத்தான். பகலில் மாரித் கரண்டியைக் கீழே போட்டால் துள்ளி எழுந்தான். டிப்போவில் யாரும் கை தூக்குவதில்லை. இவன் ரயில் போகும், அவர்கள் ரயில் போகும், எல்லாரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மரியாதையாம். பார்த்தால் ஊரே அவனைத் தள்ளி வைத்தது மாதிரி இருந்தது.

மாரித் ஊர் நூலகத்தில் வேலை செய்பவள். நன்றாகச் சிரிப்பாள், கெட்ட வார்த்தை சரளமாக வரும். ஒரு நாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க ஆளுங்க அவனைப் பஞ்சுல பொத்தி வச்சிருக்காங்க பூதில். வீட்டுக்கு வர்றப்ப பஞ்சு மட்டும்தான் வருது. உள்ள ஆளு இல்ல."

"கோரெகிட்ட சொல்லேன்."

"சொன்னேனே. 'நாங்க இருக்கோம் மாரித், கவலைப்படாத'ன்னு கட்டிப்பிடிச்சு அழறான். அந்தப் பன்னிய நான் என்னன்னு திட்டறது?"

உடைந்தது விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து, மே பதினேழாம் தேதி, எங்கள் தேசிய நாள். தெற்குப் பாதையில் ஒரு தோட்டத்து வேலியோரம் குழந்தைகள் கொடியோடு நின்று ரயிலுக்குக் கை ஆட்டினார்கள். ஸ்டைனார் அவசர பிரேக்கைப் போட்டுவிட்டான். தண்டவாளத்தில் ஒரு பூனைகூட இல்லை. பயணிகள் மேல் காப்பி கொட்டியது, ஒரு கிழவிக்கு மணிக்கட்டு பிசகியது. அவன் எஞ்சின் அறைத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றோடு ஓட்டுவது நின்றது. ஒரு வருஷத்துக்குள் குணமாகி மறுபடி ஓட்டிக் காட்டினால் இருக்கை அவனுக்கு, இல்லையென்றால் இல்லை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு எதுவாகவும் அவன் இருந்ததில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் அவனை சிக்ரிட் என்ற மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். நகரத்திலிருந்து வந்தவள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்று அதற்குப் பெயர் சொன்னாள். அவ்வளவு நீளமான பெயரைக் கேட்டு ஸ்டைனார், "இதை ஓட்டவே ரெண்டு எஞ்சின் வேணும் போலயே" என்றானாம். இரண்டு வருஷத்தில் அவன் சொன்ன முதல் ஜோக். மாரித் என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

சிக்ரிட் சொன்னதை ஸ்டைனாரே எனக்குச் சொன்னான். "நடந்து முடிஞ்ச விஷயம்னு உங்க மூளைக்கு இன்னும் தெரியல. அது இன்னிக்கும் பிப்ரவரிலதான் இருக்கு. நீங்க ஒவ்வொரு தடவையும் ஸ்தூர்லிய சுத்திக்கிட்டுப் போறப்ப, 'நல்ல வேளை, தப்பிச்சோம்'னு உடம்பு கத்துக்குது. அப்ப அங்க நிஜமாவே கரடி இருக்குன்னுதான அர்த்தம்?" இரண்டு வருஷமாக நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அந்தக் கரடிக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம்.

மருந்து, கரடியைப் போய்ப் பார்ப்பதுதான். நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது மாதிரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிந்து தினமும் கேட்க வேண்டும். ஸ்டைனார் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டான். முதலில் சட்டை நனைந்து வந்தான். பிறகு சட்டை நனையாமல் வந்தான். பிறகு கேட்டுக்கொண்டே விறகு பிளக்க ஆரம்பித்தான். நிறுத்தி வைத்த எஞ்சினில் ஏறி உட்கார்ந்தான். மாரித்தோடு ஸ்தூர்லிக்கு நடந்து போய், மரக்கதவைத் தொட்டுவிட்டு வந்தான். அப்புறம் என் ரயிலில் பயணியாக, கடைசிப் பெட்டியில் ஜன்னலோரமாக வந்தான். திரும்பத் திரும்ப வந்தான்.

அப்படி ஒரு நாள் ஸ்தூர்லியைத் தாண்டியபோதுதான் என்னிடம் சொன்னான்.

"அவ கையைத் தூக்கினா பூதில். நிறுத்துன்னுதான் தூக்கியிருப்பா."

"ம்."

"நானும் தூக்கினேன்."

"எதை?"

"கையை. பதிலுக்கு." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிரேக் போட்டாச்சு, ஹார்ன் அடிச்சாச்சு. கை சும்மா இருந்துச்சு. அது பாட்டுக்குத் தூக்கிடுச்சு. அவ கடைசியா பாத்தது ஒருத்தன் தனக்கு டாட்டா காட்டறதை."

இதைத்தான் அத்தனை நாளும் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஸ்தூர்லி என்ற பெயரையே சொல்லக்கூடாது என்று நாங்கள் வாயைக் கட்டிவைத்த அறையில், இதை அவன் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

"சிக்ரிட் என்ன சொன்னா?"

"'உன் தப்பு இல்ல'ன்னு சொல்லல. அதை எல்லாரும் சொல்லிட்டாங்கன்னு சொன்னா. 'அந்தக் கையை நிறுத்த அந்த நொடியில உங்களால முடிஞ்சிருக்குமா? நிறுத்தியிருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்களா? அந்தக் கையில கேலி இருந்துச்சா?' இதை மட்டும் கேட்டா. பதில் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

"என்ன சொன்ன?"

"கேலி இல்லன்னு சொன்னேன்" என்றவன், ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பி, "எனக்கு அவளைப் பாத்தா பாவமா இருந்துச்சு பூதில். அந்த நொடியில. வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

அன்று இறங்கும்போது எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான். பாதி உயரம்தான். ஆனாலும் காட்டினான்.

கடைசிப் படி பிப்ரவரியில் வந்தது. பகல் ரயிலை அவனே ஓட்டி ஸ்தூர்லியைக் கடக்க வேண்டும். மரக்கதவுக்குப் பின்னால் மாரித் நின்று கை தூக்குவாள், அவன் பதிலுக்குத் தூக்க வேண்டும். உயிரோடு நிற்கிற ஒருத்திக்கு. இது ஸ்டைனாரே கேட்டது. சிக்ரிட் சம்மதித்தாள். லீவு முடிந்து வருகிறவனோடு பயிற்சி கொடுக்கும் டிரைவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்தது கோரெ.

சிக்ரிட் கோரெயைக் கூப்பிட்டு விளக்கினாள். நானும் இருந்தேன்.

"அவர் வியர்ப்பார், நடுங்குவார். அப்படியே விடுங்க. அந்த நடுக்கத்தோட கடக்கறதுதான் மருந்து. நீங்க ஒண்ணுமே செய்யக் கூடாது. உங்களால முடியுமா?"

"புரியுது, புரியுது" என்றான் கோரெ.

அன்று வெளிச்சமான நாள். மூவிக்கிலிருந்து கிளம்பியதும் எதிரே வந்த ரயிலுக்கு ஸ்டைனார் கை தூக்கினானாம். அந்த டிரைவர் திகைத்துப்போய்த் தாமதமாகத் தூக்கினானாம். லீயா வரை ஒரு குறையும் இல்லை. லீயாவில் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் பிளாட்பாரத்தில் நின்று கதவுகளைப் பார்த்துவிட்டு, சைகை கொடுக்க எஞ்சின் பக்கம் திரும்பினேன். ஜன்னல் வழியே தெரிந்தது. ஸ்டைனார் எழுந்துகொண்டிருந்தான். கோரெ அந்த இருக்கையில் தன் பெரிய உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தான்.

ஓடினேன். எஞ்சின் அறை ஜன்னலைத் தட்டினேன்.

"என்ன பண்ற கோரெ?"

அவன் முகமெல்லாம் கண்ணீர். "அவன் கையைப் பாரு, எப்படி ஆடுதுன்னு பாரு. நான் மனுஷன்டி. இந்த ஒரு துண்டு மட்டும் நான் ஓட்டறேன். அடுத்த ஸ்டேஷன்ல அவன்கிட்ட குடுத்துடறேன். கடந்துட்டான்னே எழுதிக்கலாம், யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எந்திரி. அவனை உக்கார விடு. நான் சைகை குடுக்க மாட்டேன்."

"ரயில் லேட்டாகுது பூதில்."

"ஆகட்டும். சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். அங்க மாரித் நிக்கிறாடா!"

ஸ்டைனார் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றான். கை ஆடியது உண்மைதான். ஆடும் என்றுதான் எல்லாருக்கும் முன்பே தெரியுமே. நான் அவனைப் பார்த்தேன். "ஸ்டைனார், நீ சொல்லு. அது உன் சீட்டு."

அவன் கோரெயைப் பார்த்தான், அழுகிற அந்த முகத்தை. முப்பது வருஷ நண்பன். இரண்டு குளிர்காலம் இவன் ஷிஃப்டையெல்லாம் முணுமுணுக்காமல் எடுத்து ஓட்டியவன். எங்கள் ஊரில் பிறந்தவன் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வான்?

"பரவாயில்ல பூதில்" என்றான். "நன்றி கோரெ. சைகை குடு."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

வளைவு வருமுன் ஸ்டைனார் நின்ற பக்கத்து வெயில் திரையையும் கோரெ இழுத்துவிட்டிருக்கிறான், அவன் பார்த்துவிடக் கூடாதென்று. நான் கதவு ஜன்னலில் நின்றேன். மரக்கதவுக்குப் பின்னால், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு மாரித் நின்றாள். கையை முழு உயரத்துக்குத் தூக்கியிருந்தாள். எஞ்சின் அவளைத் தாண்டியது. நான் கையைத் தூக்கினேன், வெறிபிடித்தது மாதிரி ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எஞ்சின் போன பக்கமே திரும்பியிருந்தாள், கையை இறக்காமல்.

சிக்ரிட் விடவில்லை. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், வேறு ஆளைக் கூட்டிவருகிறேன் என்று வீட்டுக்கே வந்து கெஞ்சினாள். ஸ்டைனார் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

"என்னை முப்பது வருஷமா தெரிஞ்சவங்க, என்னால முடியாதுன்னு நினைக்கிறாங்க. நீ முடியும்ங்கற. உனக்கு என்னை இலை உதிர்ந்தப்பலேர்ந்துதான் தெரியும்."

அந்த வாரமே எஞ்சின் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். விறகுக் கொட்டகைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டான்.

பிரிவுபசாரம் ஓய்வறையில் நடந்தது. வாஃபிள் மணம் மூக்கைத் துளைத்தது. வடக்குப் பாதை டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கோரெ பேசினான். "நம்மள்ல ஒருத்தன் விழுந்தப்ப நாம அவனைத் தனியா விடல. ஒரு நாள்கூட அவனை அந்த எடத்தத் தாண்ட விடல. மத்த டிப்போல இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க." கைதட்டினார்கள். ஸ்டைனாரும் தட்டினான். எனக்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு மாரித்தைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தாள். கெட்ட வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வந்திருந்தால் தேவலாம்.

"எங்களுக்காக ரொம்பச் செஞ்சிருக்கீங்க" என்றாள். "ஒரு குறையும் வைக்கல. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், இனிமே எங்களுக்கு எதுவும் செய்யாதீங்க."

கோரெ மெதுவாக எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். "துக்கம் பேச வைக்குது. புரியுது மாரித், புரியுது" என்றான். அவள் தட்டில் ஒரு வாஃபிளை வைத்தான்.

அன்று சாயங்காலத்திலிருந்து கனமாகப் பனி பெய்தது. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டைத் தாண்டினேன். தெருவிலிருந்து வாசல்படி வரை யாரோ முன்னாலேயே வந்து பனியைச் சுத்தமாக வாரி, இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டைனார் கையில் பனிவாரியைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தான். வாருவதற்கு அங்கே எதுவும் இல்லை.